இல்லாத விமானத்துக்கு இறக்கை செய்தது

அறுபதைத் தாண்டியாயிற்று. இனிமேல் நமக்குள் மூடி மறைக்க என்ன இருக்கிறது? சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு விமானம் செய்தோம். அப்படி ஒரு விமானம் உலகத்தில் எங்கும் பறந்தது கிடையாது. பறந்ததாக நாங்களே ஒரு வரலாறும் கட்டினோம். போன மாதம் என் மாப்பிள்ளை, நாற்பதைத் தொட்ட ஆள், சாப்பாட்டு மேசை முழுக்கப் பிளாஸ்டிக் துண்டுகளைப் பரப்பி ஒட்டிக்கொண்டிருந்தார். என்ன விமானம் என்று கேட்டேன். "இப்படி ஒண்ணு வந்ததே இல்லீங்கத்தை. வந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுச் செய்யறது. இப்ப உலகம் பூரா இப்படிச் செய்யறாங்க" என்றார், என்னமோ நேற்றுத்தான் கண்டுபிடித்த மாதிரி. எனக்கோ வஜ்ஜிரத்தின் நாற்றம் மட்டும் மூக்கில் வந்து நின்றது.

உங்களில் தச்சுப் பட்டறை ஓரமாக வளர்ந்தவர்களுக்கு வஜ்ஜிரம் தெரிந்திருக்கும். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. தகர டப்பாவில் போட்டுச் சுடவைத்தால் சந்தே மூக்கைப் பொத்தும். பீளமேட்டுப் பக்கம் எங்கள் சந்தில் அந்த நாற்றத்தோடு இரும்பு வார்க்கிற பவுண்டரிகளின் கருமணல் வாடையும், மணலில் பிசைகிற வெல்லப்பாகின் புளிப்பும் சேர்ந்து வரும். அப்பாவுக்கு ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் வேலை. பம்பு ஆகட்டும், மோட்டார் ஆகட்டும், முதலில் அதை மரத்தில் செய்ய வேண்டும். அந்த மர உருவத்தை மணலில் பதித்து எடுத்துவிட்டு, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். அப்பா செய்தது அளவு தப்பிப்போனதாக அந்த வட்டாரத்தில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. "அவரு வெச்சா வெச்சதுதான்" என்பார்கள். அதில் அப்பாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

சித்தப்பா அவருக்கு ஒரே தம்பி. வடக்கே ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தார். பருத்திக் காடுகளுக்கு மேலே தாழப் பறந்து பூச்சிமருந்து தெளிக்கிற சின்ன விமானங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கள் சொந்தத்தில் விமானத்தைத் தொட்ட கை அவருடையது ஒன்றுதான். அந்த வருடம் மாசி மாதத்தில் ஒரு விமானம் காட்டில் விழுந்து, ஓட்டியவர் இறந்துபோனார். முந்தின நாள் அதன் வால் பக்கத்துக் கம்பியை அளந்து முறுக்கி வைத்தவர் சித்தப்பா. விமானம் முழுக்க எரிந்துவிட்டதால் எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. விசாரித்தவர்கள், மெக்கானிக் மேல் தப்பில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டார்.

வந்த மனிதரை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டார் செய்த முதல் காரியம், மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தது. "பேரு கெடாமத் தப்பிச்சு வந்துட்டான். எல்லாம் ஆத்தா புண்ணியம்" என்று வந்த ஒறம்பரைச் சொந்தங்களுக்கெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். சித்தப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்றார். எல்லாரும் அவர் முதுகைத் தட்டினார்கள். அங்கே ஒரு உயிர் போயிருக்கிறது, நமக்கு எதற்குப் பொங்கல் என்று பெரியவர்கள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் இலையில் முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவருக்குக் கை நடுங்கியது. டம்ளரை எடுத்தால் பாதிக் காபி கீழே வைத்த வட்டாவில் சிந்திக் கிடக்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அப்படியே திறந்துவிட்டுக்கொண்டு அலைவார். அப்பாவின் உளிகள் இருக்கிற மூலைப் பக்கம் போகவே மாட்டார். மாமா கறார் ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னார்.

"வைகாசி பொறக்கட்டும் மாப்ளே. என்ற சிநேகிதன் மோட்டார் கம்பெனியில எடம் சொல்லி வெச்சிருக்கறேன். கை நின்னுதுன்னா அங்க சேரட்டும். நிக்கலீன்னா மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். இப்படியே ஊட்டுல வெச்சுப் பாத்துக்கிட்டிருந்தா நாளைக்கு ஆரு பொண்ணு குடுப்பா?"

மெட்ராஸ் என்றால் பெரியவர்களுக்கு மனநோய் ஆஸ்பத்திரி. எனக்குக் கடல். சித்தப்பாவை மட்டும் கடல் பார்க்கக் கூட்டிப்போகிறார்களாக்கும் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். அங்கே போனால் எப்போது திரும்புவது, திரும்பினால் யார் வேலை கொடுப்பார்கள் என்பதெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியும். மெட்ராஸ் என்ற பேச்சு வந்தாலே கைகள் இரண்டையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொள்வார்.

முழுப்பரீட்சை லீவு விட்டார்கள். எனக்குப் பத்து வயது, வாய் மட்டும் இருபது வயதுக்கு இருக்கும். சந்துப் பிள்ளைகளிடம், எங்கள் சித்தப்பா கோயமுத்தூரிலேயே ஒரு ஏரோப்ளேன் செய்தவராக்கும் என்று அளந்துவிட்டேன். அப்போதெல்லாம் பீளமேட்டு மைதானத்தில் எப்போதாவது ஒரு விமானம் இறங்கும். தலைக்கு மேலே அது போகும்போது சந்தே அண்ணாந்து நிற்கும். அப்படிப்பட்ட காலத்தில் இப்படி அளந்தால் விடுவார்களா? எங்கே காட்டு பார்க்கலாம் என்று பிடித்துக்கொண்டார்கள். நேராகச் சித்தப்பாவிடம் போனேன். புறக்கடை வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

"சித்தப்பா, நீங்க ஒரு ஏரோப்ளேன் செஞ்சீங்கன்னு சொல்லிபோட்டேனுங்."

"நான் எங்க அம்மணி செஞ்சேன்? ரிப்பேரு பாக்கறவன் நான். கோயமுத்தூருல ஆரு ஏரோப்ளேன் செஞ்சா?"

"ஆருமே செய்யலீங்ளா?"

"ஆருஞ் செய்யலே."

"அப்ப நாம செஞ்சா தப்புன்னு சொல்றதுக்கு ஆளே இருக்காதுங்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இல்லாத ஏரோப்ளேன்னா ஒரு நல்லது இருக்குது அம்மணி. அது எங்கயும் உழுந்திருக்காது" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, கடையிலிருந்து சாமான் மடித்து வந்த பழுப்புக் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. வேலி ஓரம் வெட்டிப்போட்ட கல்யாணமுருங்கைக் கட்டை ஒன்று காய்ந்து கிடந்தது. தக்கை மாதிரி கனமே இருக்காது. அதில் விமானத்தின் உடம்பைச் செதுக்கினார். முதல் சில நாள் உளி அவர் கையில் ஆடியது, பிடித்த கட்டையும் ஆடியது. நான் கட்டையின் மறு முனையில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். மில்லில் கழித்துப்போட்ட நூற்கட்டை ஒன்று எஞ்சின் ஆனது. முறிந்த குடையின் கம்பிகள் இறக்கைக்கு முட்டுக்கொடுக்க. கலர் பாட்டில் மூடிகளை ஒன்றோடொன்று கவிழ்த்துச் சக்கரம். அளப்பதற்கு என் பள்ளிக்கூடத்து மர ஸ்கேல். எதை ஒட்டினாலும் வஜ்ஜிரம்தான். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமைத்தாள்.

விமானத்துக்குச் சிட்டு என்று பேர் வைத்தேன். பேர் வைத்தால் போதுமா, அதற்கு ஒரு வரலாறு வேண்டாமா? அதையும் நானே தொடங்கினேன். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் விமான இறக்கைக்குப் போர்த்தக் கோயமுத்தூர் மில் துணியைக் கேட்டு வாங்கினார்களாம். துணியை மட்டும் எதற்கு அனுப்ப வேண்டும், முழு விமானத்தையும் இங்கேயே செய்து அனுப்பினால் என்ன என்று ஒரு மில் முதலாளி நினைத்தாராம். "பம்புசெட்டு எஞ்சினை வெச்சாருங்" என்றேன். சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "அது கனம் அம்மணி, தூக்காது. அலுமினியத்துல ஊத்தி எடுத்தாங்கன்னு வெச்சுக்கோ." வரலாற்றில் பொய் இருக்கலாம், எஞ்சினில் இருக்கக் கூடாது அவருக்கு.

நான் குண்டு போடுகிற விமானம் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். மலையில் காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கொண்டுபோகிற விமானம் என்று வைத்துக்கொண்டோம். அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு மேலே அது ஒரு தடவை பறந்தது. குதிரைகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. வியாபாரிகள் சாட்டையை எடுத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து வைதார்கள். அதைச் சொல்லி முடித்தபோது சித்தப்பா சிரித்தார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். மாசிக்குப் பிறகு அதுவரை அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை.

அந்த உற்சாகத்தில் நான் எல்லை மீறிவிட்டேன். பாலக்காட்டுக் காற்று வீசுகிற மாதம், கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புக்கு மேலே போகும்போது சிட்டு மரத்தில் இடித்து என்று ஆரம்பித்தேன். சித்தப்பா உளியைக் கீழே வைத்தார். "கிணத்துக்கடவுல அது மரம் எட்டாத ஒசரத்துல போச்சு. அவ்வளவுதான்" என்றார். நானும் அவ்வளவுதான் என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வரலாற்றில் காற்றே வீசவில்லை.

டம்ளர் காபி டம்ளரிலேயே இருக்கத் தொடங்கியது. அம்மாதான் முதலில் கவனித்தாள். "பொத்தான் போட்டுக்கிட்டாருங்க இன்னைக்கு" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, "இல்லாத ஏரோப்ளேனுக்கு இத்தனை பேச்சு" என்றார். "இருக்கறதப் பத்திப் பேசிப்பேசித்தான் என்னத்தைக் கண்டீங்க?" என்றாள் அம்மா. அன்று முதல் அப்பா பட்டறையில் கழித்துப்போட்ட நல்ல மரத்துண்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து புறக்கடையில் போட ஆரம்பித்தார்.

இறக்கையில்தான் சிக்கல் வந்தது. உடம்பைச் செதுக்குவது வேறு, இறக்கை வேறு. முன் பக்கம் தடித்து, பின் பக்கம் வெற்றிலை ஓரம் மாதிரி மெலிந்து போக வேண்டும். நடுவில் கை ஒரு தடவை ஆடினால் போதும், ஓரம் பெயர்ந்து வாய் விழுந்துவிடும். ஒரு பலகை பாழானது. இன்னொன்றும் பாழானது. வேலையிலிருந்து வந்த அப்பா அவை இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இறக்கையின் படம் வரைந்து அளவு எழுதியிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அண்ணன் தம்பி இருவரும் மாசியில் நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அப்பாவுக்குப் பேசத் தெரியாது, செய்யத்தான் தெரியும்.

வைகாசிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது அது வந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "சும்மா கெடந்த கட்டை" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார். பிரித்தால், ஒரே துண்டில் செய்த நீள இறக்கை. மேலே விரலை வைத்தால் விரல் தானாக வழுக்கிக்கொண்டு போனது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இழைத்திருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது. சித்தப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு முனையிலிருந்து முனை தடவிப் பார்த்தார். அண்ணன் தனக்காக மெனக்கெட்டிருக்கிறார் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

உடம்பின் முதுகில் இறக்கை உட்காருவதற்குப் பள்ளம் வெட்டி வைத்திருந்தார். அதில் வைத்தார். இறங்கவில்லை. ஒரு நெல் கனம் இடித்தது.

இழைத்துவிட்டால் போகிறது என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அவர் என் மர ஸ்கேலை எடுத்தார். பள்ளத்தை அளந்தார், படத்தில் எழுதிய அளவுப்படியே இருந்தது. இறக்கையை அளந்தார், அகலத்திலும் கூடுதல், நீளத்திலும் கூடுதல். மறுபடி அளந்தார். என்னை அளக்கச் சொன்னார். எனக்கும் அதே கணக்குத்தான் வந்தது. இறக்கை பெரிது, அவ்வளவுதானே என்று வேறு எவரானாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் செய்தவர் அப்பா. அவர் அளவு தப்பும் என்று சித்தப்பாவின் புத்தியில் ஏறவே இல்லை. சூரியன் மேற்கே உதித்தாலும் உதிக்கும்.

"ஸ்கேலுல என்ன இருக்குதோ அது என்ற கண்ணுக்குத் தெரிய மாட்டீங்குது அம்மணி. நான் படிக்கறதே தப்பாப் படிக்கறேன்."

"எனக்கும் அப்படித்தானுங் வருது."

"நீ கொழந்தை. நாஞ் சொன்னதச் சொல்றே."

அப்பா வந்ததும் எழுந்து நின்று கேட்டார். "றெக்கைக்கு அளவு பாத்தீங்ளாங்ணா?" அலுத்து வந்த மனிதருக்குச் சுருக்கென்று பட்டிருக்கும் போலிருக்கிறது. "என்ற கைக்கு வந்த படம் எதுவும் அளவு தப்புனதில்லே. நீ வெட்டுன பள்ளத்தப் பாரு" என்றுவிட்டு உள்ளே போனார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்தான் சித்தப்பாவைச் சாய்த்தது. இன்றைக்குத் தன் கண் தப்பாகப் படிக்கிறது என்றால், அன்றைக்கு அந்தக் கம்பியையும் தப்பாகத்தானே படித்திருக்கும் என்று அவர் மனசு போய்விட்டது. இதை அவர் அன்று சொல்லவில்லை. அவர் படுத்த படுக்கையைப் பார்த்து அம்மா ஊகித்ததுதான்.

சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் எழவில்லை. மறுபடி காபி வட்டாவுக்குப் போனது. மாமா வந்து பார்த்துவிட்டு, "இந்த வெளயாட்டுச் சாமானக் கையில குடுத்தே கெடுத்துபோட்டீங்க. வெள்ளிக்கெழமை ரயிலுக்குப் போயிரலாம் மாப்ளே, இனித் தள்ளக் கூடாது" என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றார். அதற்குள் மெட்ராஸ் என்றால் கடல் இல்லை என்று எனக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள். விமானத்தை அம்மா எடுத்துப் பரண்மேல் வைத்தாள்.

வியாழக்கிழமை அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள், ஊருக்குப் போட்டுப்போக. அளவு டேப்பைக் காணோம், தேடு என்றாள். எனக்குத் தேடப் பொறுமை இல்லை. அப்பாவின் பெட்டியிலிருந்து அவருடைய பழைய இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து நீட்டினேன்.

"அது ஆகாது. அதுல அளந்து வெட்டுனா தொளதொளன்னு வரும். கல்யாணமான புதுசுல தெரியாம அதுல அளந்துதான் என்ற ரவிக்கை ரெண்டு பாழாப் போச்சு. அது பவுண்டரி ஸ்கேலு கண்ணு. இரும்பு ஆறுனா சுருங்கிப்போகுமாம். அதனால மரத்துல செய்யும்போதே பெருசாச் செய்யோணுமாம். அதுக்குன்னே கோடெல்லாம் தள்ளித்தள்ளிப் போட்டு வெச்சிருக்கறது. அதுல ஒரு இஞ்சுன்னா நம்ம இஞ்சுக்கு மேல கொஞ்சம் இருக்கும்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "அந்த றெக்கை எவ்வளவு பெருசுன்னு சொன்னே?"

என் மர ஸ்கேலையும் அந்த இரும்பு ஸ்கேலையும் முனையோடு முனை சேர்த்து வைத்தாள். முதல் கோடுகள் ஒன்றாக இருந்தன. போகப்போக விலகி, கடைசிக் கோடு நெல் கனத்துக்கும் மேலே தள்ளி நின்றது. சட்டைத் துணி அப்படியே மிஷினில் தொங்க, பரண்மேல் ஏறி இறக்கையை எடுத்துக்கொண்டு, என் கையையும் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் கிளம்பினாள். அம்மா அதுவரை அப்பாவின் பட்டறைக்குள் கால் வைத்ததில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இந்த றெக்கையை எந்த ஸ்கேலுல அளந்தீங்க?"

"எந்த ஸ்கேலு? என்ற ஸ்கேலுலதான்."

"இது இரும்பு ஊத்தற சாமான் இல்லீங்க."

அப்பா மேசைமேல் கிடந்த தன் ஸ்கேலைப் பார்த்தார். பிறகு இறக்கையைப் பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்து அவர் கைக்கு வந்த ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு இரும்புச் சாமானின் படம். காகிதத்தை விரித்தால் கை தானாக அந்த ஸ்கேலைத்தான் எடுக்கும். "இது மரமாவே இருக்கப்போறதுன்னு எனக்குத் தோணவே இல்லே புள்ள" என்றார்.

"தம்பி தன்ற கண்ணு கெட்டுப்போச்சுன்னு படுத்துக்கெடக்கறாருங்க" என்றாள் அம்மா.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்கேலையும் இறக்கையையும் எடுத்துக்கொண்டு அப்பா வெளியே நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

இந்த இடத்தில் பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் சொல்ல வேண்டியது வேறு. வெள்ளிக்கிழமை ரயிலுக்கு யாரும் போகவில்லை. வைகாசி பிறந்தும் உடனே சேரவில்லை, மாதக் கடைசியில்தான் சித்தப்பா மோட்டார் கம்பெனியில் சேர்ந்தார். ரிட்டையர் ஆகிற வரைக்கும் அங்கேதான் இருந்தார். பெண்ணும் கிடைத்தது, தாமதமாக. கை அடியோடு நிற்கவில்லை; சில நாட்களில் ஆடும், சித்தி டம்ளரைப் பாதி நிரப்பிக் கொடுப்பாள். சிட்டு விமானத்தைச் செய்து முடித்தோம். பேட்டர்னுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை அடித்தோம். சந்துப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, பறக்காதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காந்திபுரத்துப் பக்கம் வீடு மாறியபோது அது எந்த வண்டியில் ஏறியது, எங்கே இறங்கியது என்று தெரியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் இன்று இல்லை. மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவரிடம் சொல்வதைவிட, அந்த மாதிரி அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த உங்களிடம் சொல்வது சுலபம்.

அந்த மத்தியானம் அப்பா தலையெல்லாம் மரத்தூளோடு கட்டிலுக்கு வந்து நின்றார். பெட்டி கட்டுவதற்கு வந்திருந்த மாமா, "என்ன மாப்ளே இந்நேரத்துல" என்று எழுந்தார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார். எங்களில் அண்ணன் வந்தாலே தம்பி எழுந்து நிற்பதுதான் வழக்கம். அண்ணன் தரையில் உட்கார்ந்ததைக் கண்டு சித்தப்பா பதறிக்கொண்டு எழப் பார்த்தார். அப்பா அவர் முழங்காலைப் பிடித்து அமர்த்தினார். என் மர ஸ்கேலையும் தன் இரும்பு ஸ்கேலையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

"உன்ற அளவு சரி. உன்ற கண்ணுலயும் ஒரு கோளாறும் இல்லே. தப்பு என்றது. நான் பவுண்டரி ஸ்கேலுல அளந்துபோட்டேன். அது தெரியாம உன்ற மேல சொல்லிட்டேன்."

சித்தப்பா ஸ்கேலைப் பார்த்தார். முகம் தெளியும் என்று நான் காத்திருந்தேன். தெளியவில்லை. இறக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடியே பேசினார்.

"அங்க எல்லாரும் உன்ற மேல தப்பில்லே, உன்ற மேல தப்பில்லேன்னுதான் சொன்னாங்க. அப்ப ஆரு மேலன்னு ஒருத்தருஞ் சொல்லலீங்ணா. அந்தாளு போயே போயிட்டாரு. தப்புன்னு ஒண்ணு நடந்திருக்குதல்லங்? அதை ஆரும் எடுத்துக்கலே. எடுத்துக்காததுனால அது என்ற மேலயே நின்னுபோச்சுங்ணா."

"அதான் உன்ற மேல இல்லேன்னு சொல்லிட்டாங்களேப்பா" என்று மாமா ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

அப்பாவும் அதையே சொல்லியிருக்கலாம். விடு, நடந்தது நடந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்கேல்களைக் கீழே வைத்தார்.

"அது எனக்குத் தெரியாது கண்ணு. நான் அங்க இல்லே, நான் பாக்கலே. உன்ற மேல இருக்குதுன்னும் நாஞ் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. இந்தத் தப்பு நாஞ் செஞ்சது. இதை என்னட்டக் குடு."

இரண்டு கைகளையும் நீட்டினார். சித்தப்பா இறக்கையை எடுத்து அந்தக் கைகளில் வைத்தார். வைத்த பிறகும் தன் கையை எடுக்கவில்லை. அப்புறம் அழுதார். மாசியில் வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், அண்ணன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, செத்துப்போனவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். அது ஒரு வடக்கத்திப் பெயர். அம்மா மாமாவைப் பார்த்தாள், மாமா தரையைப் பார்த்தார். செத்துப்போனவருக்கு ஒரு பெயர் இருந்தது என்பதையே எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் கேட்டோம்.